தலையாய வன்மையை அறிந்து தொழிலைச் சுருக்குதல்

உழைப்புக்குப் பேர்போன யாழ்ப்பாணத்திலே, எல்லாவற்றையும் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவனே கெட்டிக்காரன் என்னும் எண்ணம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. விடியற்காலையிலே தோட்டத்துக்கு நீர் இறைத்து, எட்டு மணிக்குமுன் பாடசாலைக்குச் சென்று, பின்னேரத்திலே மைத்துனருடைய கடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்து, இரவிலே கோயிற் பரிபாலன சபையின் அறிக்கையையும் எழுதி முடிக்கின்ற ஆசிரியர் ஒருவரைப் பற்றி ஊர் பெருமையாகவே பேசும். கணக்கென்றாலே கண்கலங்குகின்ற பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதத்தை விளங்கவைப்பதிலே அவருக்கு நிகரானவர் அயலூர்களிலும் இல்லை என்பதும், அந்த அரிய ஆற்றலுக்கு அவருடைய நாளிலே மிஞ்சுவது களைத்துப்போன ஒரு மணிநேரந்தான் என்பதும் ஊரின் கண்ணுக்குப் படுவதில்லை. நாளடைவிலே அவருடைய கண்ணுக்கும் படுவதில்லை. ஒரு கிணற்றின் நீரை நான்கு தோட்டங்களுக்கு வாய்க்கால் வெட்டி விட்டால் கடைசிப் பாத்தி நனையுமுன்னே கிணறு வற்றிவிடும். இந்த அதிகாரம் அத்தகையோரை மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது.

தன்னிடத்துள்ள ஆற்றல்களுள் எது தலையாயதோ, எது பிறரால் எளிதிலே ஈடுசெய்ய முடியாததோ, அதனை ஐயமறக் கண்டு, நாளின் நல்ல பொழுதையும் உடம்பின் நல்ல பலத்தையும் அதற்கென ஒதுக்கி, எஞ்சிய வேலைகளுட் சிலவற்றைப் பிறர் கையிலே கொடுத்து, சிலவற்றைக் குறைத்து, சிலவற்றை அறவே விட்டுவிடுதலையே இங்கே தொழிற் சுருக்கம் என்கிறோம். சொல்லுதற்கு எளிதாகவுள்ள இந்தக் காரியம் செய்தற்கு எத்துணை அரியது என்பதையும், செய்தவர்கள் அதனை எவ்வாறு செய்தார்கள் என்பதையும் அறிய நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை.

1832ஆம் ஆண்டு சிறுப்பிட்டியிலே பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்று, கோப்பாயிலே ஆசிரியராகி, பின்பு சென்னை சென்று தினவர்த்தமானிப் பத்திரிகையை நடத்தி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகி, கள்ளிக்கோட்டையிலே படிப்பித்து, அரசாங்கக் கணக்குக் கந்தோரிலே உத்தியோகம் பார்த்து, 1871இலே சட்டப் பட்டமும் பெற்று, கும்பகோணத்திலே வழக்கறிஞராயிருந்து, 1887 முதல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நீதிபதியாகவும் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களுடைய சரித்திரத்தை மேலெழுந்தவாரியாகப் படிப்போர், அவர் தம் ஆற்றலைப் பல திசைகளிலும் சிதறவிட்டவர் என்றே எண்ணக்கூடும். அந்த உத்தியோகங்கள் யாவும் அவருக்குச் சோறு போட்டவை; அவற்றை அவர் நேர்மையாகவும் திறமையாகவும் செய்தார். ஆயினும் உத்தியோகத்துக்குப் புறம்பான பொழுதிற் பெரும்பகுதியையும், உத்தியோகத்தால் வந்த பொருளிற் பெரும்பங்கையும், அவர் ஒரே காரியத்துக்கே கொடுத்தார்: அழிந்துகொண்டிருந்த ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி அச்சேற்றுதல். 1868இலே ஆறுமுக நாவலர் அவர்கள் பரிசோதிக்கத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு வெளிவந்தது. 1881இலே வீரசோழியம்; 1883இலே இறையனார் களவியலும் தணிகைப் புராணமும்; 1885இலே தொல்காப்பியப் பொருளதிகாரம்; 1887இலே கலித்தொகை; 1889இலே இலக்கண விளக்கமும் சூளாமணியும்; 1891, 1892ஆம் ஆண்டுகளிலே நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பிய எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும். எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலாக முழுமையாய் அச்சிலே வந்தது அவருடைய கலித்தொகைதான்.

இந்த வேலையின் கடுமையைச் சற்று அருகிலிருந்து பார்த்தாலன்றி, அது ஏன் அவருடைய தலையாய வன்மை என்று சொல்லுகிறோம் என்பது விளங்காது. பழஞ்சுவடியைக் கட்டவிழ்க்கும்போதே ஏட்டின் ஓரம் நொருங்கி விழும். ஏட்டைப் புரட்டும்போது அது துண்டாய் முறியும். மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும், ஒகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவிலே வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று, உரைகாரர் எடுத்துக்காட்டிய மேற்கோள் எது என்பதற்கு அடையாளமே இன்றி, எல்லாம் ஒரே ஓட்டமாகக் கீறப்பட்டிருக்கும். ஒரு நூலுக்கு மூன்று பிரதிகள் கிடைத்தால் மூன்றும் மூன்று விதமாகப் பேசும். அவற்றுள் எது மெய், எது எழுதினவன் கைப்பிழை என்று தீர்மானிக்க இலக்கண அறிவு மாத்திரம் போதாது. ஒன்றுக்கொன்று முரணான சாட்சிகளை நிறுத்துப் பார்க்கும் நியாயவாதியின் புத்தியும், ஒரு சதமும் பிசகாமற் பார்க்கும் கணக்கரின் பொறுமையும் வேண்டும். செமினரிக் கணிதமும் கணக்குக் கந்தோரும் சட்டப் படிப்பும் அவரிடத்திலே வீணாகாமல் இந்த ஒரு வேலையிலே வந்து கூடின என்பதே என் துணிபு. அந்நாளிலே அவரினும் பெரிய வழக்கறிஞர்கள் சென்னையிலே பலர் இருந்தார்கள். அவரினும் ஆழ்ந்த வித்துவான்கள் மடங்களிலே இருந்தார்கள். இவ்விரண்டு இயல்புகளும் ஒருங்கே வாய்ந்து, அச்சுக்கூலியையும் தம் கையிலிருந்தே கொடுக்கத் துணிந்தவர்களோ அரியர். தலையாய வன்மை பெரும்பாலும் தனித்த ஓர் ஆற்றலாக இருப்பதில்லை. சாதாரணமான இரண்டு மூன்று ஆற்றல்கள் ஒருவரிடத்திலே வந்து பொருந்துகின்ற அபூர்வமான பொருத்தமாகவே அது இருக்கும். வாசகர் தம்மை ஆராயும்போது இதனை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவர் தம் ஊர்ப் பக்கத்திலே, ஏழாலையிலே, ஒரு பாடசாலையும் நிறுவினார். தாமே சில நூல்களும் இயற்றினார். அவற்றைக் குறைத்துச் சொல்லுதல் என் நோக்கமன்று. ஆனால் அவை யாவும் பதிப்புத் தொழிலுக்கு இடங்கொடுத்து ஒதுங்கியே நின்றன. அன்றியும் அவருடைய பதிப்புகள் குற்றமற்றவையுமல்ல. 1885ஆம் ஆண்டுப் பொருளதிகாரப் பதிப்பிலே நச்சினார்க்கினியர் உரையென வெளிவந்ததில் பின்னான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பிற்கால அறிஞர் இரா. இராகவையங்கார் விளக்கிக் காட்டினார். பிழை நேருமோ என்று அஞ்சி அவர் சுவடியைப் பெட்டியிலே பூட்டி வைத்திருந்தால், திருத்துவதற்கும் நூலிருந்திராது. தம் வன்மையையே பற்றி நிற்கத் துணிந்தோருட் பலர் பூரணத்துவத்தை நாடி ஒன்றையும் முடிக்காமற் போகிறார்கள்; அவர்கள் தாமோதரம்பிள்ளையவர்களை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி, வன்மை இன்னதென்று முதலிலே விளங்காமல், சில காலம் உழைத்தபின் அதனைக் கண்டு வழியை மாற்றிக்கொண்ட ஒருவரைப் பார்ப்போம். அமெரிக்க மிசன் வைத்தியராக 1847இலே யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலையை நிலைநிறுத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள், தொடக்கத்திலே எல்லா வைத்தியர்களையும் போலத் தம் கையாலேயே நோயாளிகளைப் பார்த்தார். ஒரு சில மாணாக்கரைச் சேர்த்து ஆங்கிலத்திலே வைத்தியமும் படிப்பித்தார். ஒருவர் இரவும் பகலும் பாடுபட்டாலும் பார்க்கக்கூடிய நோயாளிகளுக்கு ஒரு கணக்குண்டு. ஆங்கிலத்திலே தேறிய மாணாக்கரோ நல்ல சம்பளத்தை நாடி அரசாங்க சேவைக்கும் வெளியிடங்களுக்கும் போகத் தலைப்பட்டார்கள். கிராமங்கள் வைத்தியரின்றியே கிடந்தன. புண்ணைக் கழுவி மருந்து கட்டத் தெரிந்தவர் வேறு பலரும் உண்டாகலாம். மேனாட்டு வைத்தியத்தையும் தமிழையும் ஒருங்கே அறிந்து, ஒன்றை மற்றொன்றிலே சொல்லக்கூடியவர் அன்று மிகச் சிலரேயாவர். ஊருக்குப் போய் 1862இலே திரும்பி வந்தபின்பு அவர் தமிழிலேயே வைத்தியக் கல்வி நடத்தத் துணிந்தார். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. அவரிடம் கற்றுத் தேறிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர்; அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்கள்.

கிறீன் அவர்கள் எல்லாவற்றையும் தாமே மொழிபெயர்க்கவில்லை என்பதை இங்கே சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். மாணாக்கர் மொழிபெயர்ப்பார்கள்; அவர் ஒப்புநோக்கித் திருத்துவார்; வைத்தியக் கலைச்சொல் ஒவ்வொன்றும் நூலுக்கு நூல் மாறாமல் ஒருப்பட்டு நிற்கும்படி பார்ப்பார். வன்மையின் உள்ளேயும் ஒரு வன்மை உண்டு. அந்த உட்கருவைத் தம் கையிலே வைத்துக்கொண்டு, அதன் புறத்தேயுள்ள உழைப்பைப் பகிர்ந்து கொடுத்தார். 1873இலே யாழ்ப்பாணத்தை விட்டு மசச்சூசெற்சு மாகாணத்து ஊஸ்ற்றர் நகருக்குத் திரும்பியபின்பும், 1884இலே இறக்கும் வரையில், அவர் இந்தத் தமிழ் நூல்களையே பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார். நோயாளிகளை விட்டுப் பிரிந்தபின்னும் அவருடைய தொழில் தடைப்படவில்லை.

கலைத்துறையிலும் இதற்கு நல்ல உதாரணமுண்டு. காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் பல இசைநாடகங்களில் நடித்தவரேயாயினும், அரிச்சந்திர மயான காண்டத்தை மீண்டும் மீண்டும், ஆயிரக்கணக்கான மேடைகளிலே, நடித்துக்கொண்டே இருந்தார். ஒரே பாத்திரம் சலிக்காதா என்பார்க்கு, கோயில் வீதிகளிலே விடியவிடியக் காத்திருந்த சனங்களே விடையாவர்.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒருவர் தம் தலையாய வன்மையை அறிந்துகொள்ளும் வழியை இனிச் சொல்லுவோம். தமக்குப் பிரியமானதையே வன்மையென்று கொள்ளுதல் பலருக்கும் நேர்கின்ற மயக்கம். அதிக வருமானம் தருவதையே வன்மையென்று கொள்ளுதல் மற்றொரு மயக்கம். இரண்டையும் சிறிது ஒதுக்கிவிட்டு, பிறர் உங்களிடம் எதற்காக வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வலிகாமத்திலே, நன்கு பழகிய ஒரு குடும்பத்துத் தாயார், கணவர் நோயுற்றபின் வீட்டிலிருந்தே உழைக்கத் தொடங்கி, காலையிலே இடியப்பம், பகலிலே சட்டைத் தையல், பின்னேரம் மிக்சர், இடையிடையே ஊறுகாயும் மிளகாய்த்தூளும் என்று ஓய்வின்றி உழைத்தும், மாதமுடிவிலே கையில் ஒன்றும் நில்லாமல் வருந்திக்கொண்டிருந்தார். ஒரு கொப்பியை எடுத்து, வருகின்றவர் யார், என்ன கேட்டார், மறுபடியும் அதற்கே வந்தாரா என்பதை மாத்திரம் ஒரு மாதம் எழுதி வரும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. இடியப்பத்துக்கு வந்தவர்கள் அயல்வீட்டார். சந்திக் கடையிலே கிடைத்தால் அங்கேயும் வாங்குவார்கள். தூளுக்கு வந்தவர்களோ கொழும்புக்குப் போகிறவர்களும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் பொதி கட்டுகிறவர்களும். அவர்கள் வேறு வீட்டுத் தூளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காரணம் அவருடைய வறுவலிலே இருந்தது. செத்தல் மிளகாயையும் மல்லியையும் ஒரே தாச்சியிலே போடமாட்டார். மல்லி தனியே, பெருஞ்சீரகம் தனியே, மிளகு தனியே, வெந்தயம் கடைசியிலே, அதுவும் நிறம் மாறுமுன் இறக்கி. கறிவேப்பிலை கையிலே நொருங்கும் பதத்திலே. வெந்தயம் ஒரு கணம் கூடுதலாக நின்றால் தூள் முழுவதும் கைத்துவிடும். அந்தக் கணத்தை மணத்தாலே அறிகின்ற ஆற்றலே அவருடைய சொத்து. அவர் தையலை விட்டார்; மிக்சரை விட்டார்; இடியப்பத்தைத் தங்கையிடம் கொடுத்தார்; மல்லி புடைத்துக் காயவைப்பதற்கும் பொதி கட்டுவதற்கும் அயலிலே இருவரைச் சேர்த்தார்; அரைப்பது மில்லிலே. அடுப்படியிலே நின்று வறுப்பதை மாத்திரம் ஒருவருக்கும் விடவில்லை. இப்போது அவருடைய நாள் பகல் இரண்டு மணியோடு முடிகிறது. வரவும் முன்னையினும் நன்று.

வாசகரும் அவ்வாறே ஒரு மாதம் எழுதிப் பார்க்கலாம். கடை வைத்திருப்பவர், சாமான் எதுவாயினும், தம்மிடம் கேட்டே வாங்குவோம் என்று வருகிறவர்களை எழுதலாம். கந்தோரிலே வேலை செய்பவர், மற்ற மேசைகளைத் தாண்டித் தம் மேசைக்கு வருகின்ற கடதாசிகள் எவை என்று எழுதலாம். தச்சர், தம் வேலைகளுள் எது ஒருமுறையேனும் திருத்தத்துக்குத் திரும்பி வராதது என்று எழுதலாம். மற்றவர்கள் பாரமென்று ஒதுக்குவதும் உங்களுக்கு இலேசாக வருவதுமான வேலை எதுவோ, அதன்மேல் இந்தக் குறிப்புகள் குவிவதைக் காண்பீர்கள். கண்டபின்பும் உடனே உத்தியோகத்தை விட்டுவிட்டு அதிலே குதித்தல் ஆகாது. தாமோதரம்பிள்ளையவர்களுடைய முதற் பெரும் பதிப்புக்கும் வீரசோழியத்துக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. அக்காலம் அவர் உத்தியோகத்திலே உழைத்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஒன்று, வன்மைக்கு ஒன்று என்று இரண்டோடு நில்லுங்கள், மூன்றாவதற்கு இடங்கொடாதீர்கள்.

இங்கே ஓர் அபாயத்தையும் எடுத்துரைக்க வேண்டும். குடாநாட்டுக் கமக்காரருடைய அனுபவத்தைவிட அதனைத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றுமில்லை. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத இந்தச் சுண்ணக்கல் நிலத்திலே, மாரி மழையை நம்பி ஆண்டுக்கு ஒருபோகம் நெல் விளைத்து, எஞ்சிய காலத்திலே கிணற்று நீரைத் துலாவினால் இறைத்துத் தோட்டஞ் செய்தார்கள் நம் முன்னோர். எல்லாப் பயிரையும் கொஞ்சங் கொஞ்சம் வைக்காமல், செம்மண்ணுக்கும் கிணற்றுநீருக்கும் தம் கைக்கும் பொருந்திய புகையிலையிலே கருத்தை நிறுத்தி, அதனைத் திருவிதாங்கூருக்கு அனுப்பி, வந்த பணத்தாலே அரிசியை வாங்கி உண்டார்கள். அந்தச் சந்தை ஒடுங்கியபோது, தம் வன்மை புகையிலை என்று எண்ணியவர்கள் நிலைகுலைந்தார்கள். தம் வன்மை கிணற்றுநீரைக் கணக்காய்ப் பாய்ச்சிச் சிறு நிலத்திலே நிறைந்த பயன் எடுக்கும் சாமர்த்தியமே என்று உணர்ந்தவர்கள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மாறினார்கள். 1970ஆம் ஆண்டின் பின்னே அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்திலே அவர்கள் கல்வீடு கட்டினார்கள். 1977இலே இறக்குமதி திறந்துவிடப்பட, அதுவும் சரிந்தது. ஆகையால் உங்கள் வன்மைக்குப் பெயரிடும்போது விற்கின்ற பண்டத்தின் பெயரை இடாதீர்கள். அப்பண்டத்தை உண்டாக்கும் உங்கள் கையின் பழக்கத்துக்குப் பெயரிடுங்கள். பண்டம் மாறினாலும் பழக்கம் மாறாது. அந்தத் தாயாருடைய வன்மை மிளகாய்த்தூளன்று. சூட்டையும் மணத்தையும் அறிகின்ற பதம். நாளைக்குத் தூளுக்குக் கிராக்கி குறைந்தால் அதே பதம் கோப்பிக்கும் உதவும்.

விடவேண்டிய வேலைகளை விடுதல் நம்மூரிலே மிகக் கடினம். ஒருவர் சற்றுத் திறமைசாலி என்று கண்டால் கோயிற் சபையார், சனசமூக நிலையத்தார், பழைய மாணவர் சங்கத்தார், கூட்டுறவுச் சங்கத்தார் எல்லோரும் அவரையே செயலாளராக்குவார்கள். மாட்டேன் என்றால் கர்வம் என்பார்கள். மறுத்தலிலும் ஒரு முறையுண்டு. "எனக்கு நேரமில்லை" என்று சொல்லாதீர்கள். நேரமில்லையென்பதை ஒருவரும் நம்புவதில்லை. "இதை என்னிலும் நன்றாகச் செய்யக்கூடியவர் இன்னார்" என்று ஒருவரைச் சுட்டி, கூடுமானால் நீங்களே அவரிடம் சென்று பேசிவிடுங்கள். தையலை விட்ட அந்தத் தாயார், சட்டைத் துணியோடு வந்தவர்களை வெறுங்கையாய் அனுப்பாமல், அடுத்த ஒழுங்கையிலே புதிதாய்த் தைக்கத் தொடங்கிய பெண்பிள்ளையிடம் தாமே கூட்டிச் சென்றார். இரண்டு மாதத்திலே அந்தப் பிள்ளைக்கும் தொழிலாயிற்று, ஒருவர் மனமும் நோகவில்லை.

பொதுக்காரியங்களை முற்றாக விட்டுவிட வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன்; அப்படி விட்டால் ஊர் என்ன ஆவது? அங்கேயும் உங்கள் வன்மையையே கொடுங்கள். கணக்கிலே வல்லவர் திருவிழாக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை ஐயந்திரிபறப் பரிசோதித்துக் கொடுக்கட்டும். பந்தற்காரரோடு பேசுவதையும் மேளக்காரருக்கு முற்பணம் கொடுப்பதையும் அதிலே பழகியவர் பார்க்கட்டும். கேத்திரகணித ஆசிரியர் சபை அறிக்கையை வேறொருவர் கையிலே கொடுத்துவிட்டு, சனிக்கிழமை முற்பகலிலே, உடம்பும் புத்தியும் தெளிவாயிருக்கும் வேளையிலே, சனசமூக நிலையத்து வாங்குகளிலே பிள்ளைகளை இருத்திப் படிப்பிக்கட்டும். இவ்வாறு ஒழிந்த பொழுதை எவ்விதம் காப்பது, அதனை மறுபடியும் பிறர் வந்து நிரப்பாமல் நாளை எவ்வாறு வகுப்பது என்பவற்றை அடுத்த அதிகாரத்திலே விரிப்போம். அதனைப் படிக்கத் தொடங்குமுன், மேலே சொன்ன ஒரு மாதக் கொப்பியை எழுதி முடித்துக் கையிலே வைத்திருத்தல் வேண்டும்.